நாற்பத்து மூன்றுக்கு மேல்

கிரிக்கெட் ஸ்கோர் மென்பொருளில் ஒவ்வொருவர் ரன் கணக்கையும் வைத்திருக்கும் 'ஆட்டக்காரர்' என்ற நிரல் பகுதியை, அந்தக் கிளாஸை, பார்த்துப் பார்த்து எழுதியவள் அவள்தான். காயத்தால் வெளியேறியவர் மறுபடி ஆட வரும்வரை அவர் பெயரில் ஒரு ரன்கூடச் சேராது. சோதித்துப் பார்க்கத் தம்பியின் கடைசி ஆட்டத்தை அதில் ஏற்றியிருந்தாள். நாற்பத்து மூன்று ரன்னில் தலையில் பந்து பட்டு வெளியேறியவன், பத்து நாளாக மருத்துவமனையில் கண் திறக்கவில்லை.

இன்று காலை திரையில் அவன் பெயருக்கு எதிரே நாற்பத்து நான்கு இருந்தது. மதியம் நாற்பத்தாறு.

"உன் கிளாஸ்ல ஏதோ பக் இருக்கு. நான் சரி பண்ணட்டா?" என்றான் பக்கத்து இருக்கைக்காரன்.

"கை வச்சே, தொலைச்சிடுவேன்!"

அப்போது அம்மா கைப்பேசியில் அழைத்தாள். "உன் தம்பி காலை ஆட்டுறான்டி! ஓடுற மாதிரியே ஆட்டுறான்! சீக்கிரம் வா!"

போய்ப் போர்வையை விலக்கினாள். தம்பியின் உள்ளங்கால்களில் ஈரப் புல் ஒட்டியிருந்தது.