நாக்கு படாத கல்

ஜெசிந்தா கல்லை நாக்கால் ஒரு தடவு தடவி வெளிச்சத்தில் பிடித்தாள். காய்ந்து கிடந்தபோது வெறும் சாம்பலாக இருந்த கல், ஈரம் பட்டதும் செம்புள்ளி செம்புள்ளியாக விழித்துக்கொண்டது.

"அடியே, கண்டதையும் நக்காத. நாயா நீ?"

"நனைஞ்சாத்தான்மா கல்லு தன் கலரக் காட்டும்."

ஞாயிற்றுக்கிழமை. ராயப்பன்பட்டி கோயிலில் பூசை கண்டு, வந்து சோறு தின்ற மத்தியானம். இருதயம்மாளின் உடம்பு படு படு என்றது. மகள் விடவில்லை. சுண்ணாம்புக் கறை போகாத விரல்களுக்குள் பென்சிலைத் திணித்து உட்கார வைத்திருந்தாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. கல்லுக்கு ஓர் அட்டை. பெயர், கிடைத்த இடம், விஷமா இல்லையா. முதல் இரண்டையும் ஜெசிந்தாவே எழுதிவிட்டாள். மூன்றாவதை அம்மாதான் பார்த்துச் சொல்ல வேண்டும், அம்மா கையால்தான் எழுத வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஏன், ஒங்க டீச்சருக்குத் தெரியாதாக்கும்?"

"டீச்சரா தோட்டத்துல மருந்து கலக்குறாக? நீதான கலக்குற."

அம்மா முதல் கல்லைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இருதயம்மாள் எழுத்துப் படித்தது நாற்பது வயதுக்கு மேல், கோயில் மண்டபத்துச் சாயங்கால வகுப்பில். யாரும் சொல்லித்தராமல் தானே எழுத்துக் கூட்டி வாசித்த முதல் சொல் 'விஷம்'. திராட்சைத் தோட்டத்து மருந்து டப்பாவில், மண்டையோட்டுக்குக் கீழே இருந்தது. வாசித்துவிட்ட சந்தோஷத்தில் அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்க் கூட வேலை செய்த பெண்களுக்கெல்லாம் காட்டினாள்.

வெள்ளை வெளேரென்றிருந்த வெங்கச்சங்கல்லை முகர்ந்தாள். நகத்தால் சுரண்டினாள். விஷம் இல்லை. எழுதினாள்.

"ஒன் 'ஷ'வுக்கு வயிறு முன்னால தள்ளுதும்மா. மாசமா இருக்கு போல."

"ஒத வாங்குவ."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாயிற்று. போன ஐப்பசியில், மோட்டார் ரூமில் கரண்ட் அடித்து இருதயம்மாளின் புருஷன் ஞானமுத்து போனான். அதோடு நின்றது.

காக்காப்பொன் கையில் ஏடு ஏடாக உரிந்து மினுங்கியது. தின்றால் தொண்டையைக் கிழிக்குமே தவிர, விஷம் இல்லை. ஓடைக்கரையில் பொறுக்கிய சுக்கான்கல்லிலும் விஷம் இல்லை. மூட்டை தூக்கி வலிக்காத கை, எழுதி வலித்தது.

கடைசியாக ஜெசிந்தா பைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தாள். மெதுவாக அவிழ்த்தாள்.

நீலம். மயில் கழுத்து நீலம். சர்க்கரைக் கட்டி போலப் பட்டை பட்டையாக மின்னியது.

இருதயம்மாள் பென்சிலைப் போட்டாள். மகளின் தாடையை இறுக்கிப் பிடித்து வாயைத் திறந்தாள். நாக்கைப் பார்த்தாள். பல்லிடுக்கைப் பார்த்தாள். வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"நக்குனியா? சொல்லு ஆத்தா, நக்குனியா?"

"இல்லம்மா. இத மட்டும் நக்கல."

மயில்துத்தம். திராட்சைக்குத் தெளிக்கச் சுண்ணாம்போடு அவள் தொட்டியில் கரைக்கிற அதே சரக்கு. ஓடையிலோ கரட்டிலோ கிடக்கிற கல் இல்லை. இதை எங்கே எடுத்தாய் என்று கேட்க வாயெடுத்தவள், கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

ஞானமுத்துவின் கைலிக் கிழிசல். பச்சைக் கட்டம்.

துணியை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா அட்டையை அவள் முன்னால் தள்ளினாள். அதில் பெயர் எழுதியிருந்தது. கிடைத்த இடம் காலியாக இருந்தது.

"எழுதும்மா. விஷமா, இல்லையா?"

குரலில் இப்போது விளையாட்டு இல்லை. பென்சிலைப் பொறுக்கி அம்மாவின் விரல்களில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

இருதயம்மாள் எழுதினாள். மற்ற அட்டைகளில் இரண்டு சொல். இதில் ஒன்றுதான். ஆனால் அதற்குத்தான் நேரம் பிடித்தது.

ஜெசிந்தா அதை வாங்கி வாய்விட்டு வாசித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி வாசித்தாள். பிறகு அட்டையை மடித்துத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"கண்காட்சிக்கு?"

"இது கண்காட்சிக்கு இல்லம்மா. நாளைக்கு வேலைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயி அந்தத் தொட்டியிலயே போட்டுரு. நானும் கூட வந்துட்டுப் பள்ளிக்கூடம் போறேன்."

மற்ற கற்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, கை கழுவ வெளியே போனாள். பானையில் சொம்பு முங்கும் சத்தம் கேட்டது.

இருதயம்மாள் தலையைத் தூக்கிச் சுவரில் தொங்கிய மாதா படத்தைப் பார்த்தாள்.

அடக்கம் முடிந்த வாரத்தில், மகள் தூங்கிய பிறகு, தனக்கென்று அவள் அந்த முடிச்சை ஒளித்துவைத்தது அந்தப் படத்துக்குப் பின்னால்தான். அன்றிலிருந்து சகாயமாதா படம் குனிந்து பார்ப்பதுபோல் முன்னால் சாய்ந்தே தொங்கியது. ஏன்மா சாஞ்சிருக்கு என்று மகள் கேட்டபோது, ஆணி சரியில்லை என்றிருந்தாள்.

இப்போது படம் சுவரோடு ஒட்டி நேராக இருந்தது. சட்டத்தையும் சுவரையும் சேர்த்து ஒட்டடை கட்டியிருந்தது. நேராகி நாளாகியிருக்கும்.

தினமும் அதன் கீழேதான், இருவரும் தோளோடு தோளாக முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.