ஈரக் கை

“தண்ணி உள்ள போயிருக்கா, இல்லையா? அத மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே” என்று, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த கடிகாரத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள் மரிய செல்வி.

கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் குழந்தைசாமிக்குச் சுருக்கென்றது. புதுக்கோட்டை கீழராஜவீதியில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறார். அவர் கைபட்ட சாமானை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

அதுவும் இன்றைக்கென்று பார்த்து வயிரவன் செட்டியார் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். திருமயத்தில் தன் வீட்டில் இருக்கிற ஏழு கடிகாரத்தையும் இவர் கையிலேயே ஒப்படைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற மனுஷர்.

“போகாதும்மா” என்றார் குழந்தைசாமி, செட்டியார் காதிலும் விழட்டும் என்று உரக்கவே. “கப்பல்காரன் ஒருத்தன் கட்டிக் கழிச்ச பழைய கடிகாரந்தான், இல்லேங்கல. ஆனா ரப்பர் வளையத்த மாத்தி, ரெண்டு நாள் தண்ணி டம்ளர்ல போட்டு வச்சுப் பாத்துட்டுத்தான் ஒங்க வீட்டுக்காரர்ட்ட குடுத்தேன். ஏன், மைக்கேல்சாமி வரலையா? சண்ட போட ஒங்கள அனுப்பிட்டாராக்கும்?”

 அவள் முந்தானையைக் கழுத்து மறைய இழுத்துப் போர்த்திக்கொண்டு, “தொறந்து பாருங்கண்ணே” என்றாள்.

மைக்கேல்சாமியை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆவூர்க்காரர். கிணற்றுக்குள் முங்கி, தண்ணீர் இறைக்கிற என்ஜின் குழாயின் அடிவாயில் அடைத்துக்கொள்கிற சேற்றை வாரி எடுப்பதுதான் தொழில். வேலை மும்முரத்தில் மூச்சு முட்டுவதையே மறந்துவிடுகிற ஆள் என்பதால், இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்குவார்கள். மேலே நின்று மரிய செல்வி மாதாவை வேண்டுகிற அருள் நிறை மந்திரத்தை ஆறு தடவை சொல்லி முடித்ததும் ‘இழுங்க’ என்பாள். கயிற்றைப் பிடித்திருக்கிற ரெண்டு ஆட்களும் இழுத்துவிடுவார்கள்.

“பயத்துல இவ மந்திரத்த ரயில் வேகத்துல சொல்லிடுறாண்ணே. பாதி வேலையில மேல தூக்கிப் போட்டுர்றாங்க” என்று சிரித்துக்கொண்டுதான் மாசி மாதம் மைக்கேல்சாமி இந்தக் கடிகாரத்தை வாங்கிப் போனார். பொத்தானை அமுக்கினால் பெரிய வினாடி முள் ஓடும். ஒன்றரைச் சுற்று, அதாவது ஒன்றரை நிமிஷம் வந்ததும் இழுத்துவிடலாம்.

குழந்தைசாமி அன்றைக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். “பழைய சாமான். ஈரக் கையோட சாவிய மட்டும் திருகிறாதீங்க. தண்ணி போற வழியே அதுதான்.”

இப்போது லென்சைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். பொட்டு ஈரமில்லை. துருவில்லை. அவர் வைத்த எண்ணெய்கூட அப்படியே இருந்தது. விசைச் சுருள்தான் முழுக்கத் தளர்ந்து கிடந்தது. சாவியை நாலு திருகு திருகினார். கடிகாரம் சட்டென்று ஓடத் தொடங்கியது.

குழந்தைசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. செட்டியாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது.

“நின்னப்ப யாரும்மா பாத்தது?”

“நாந்தாண்ணே. ஆனா நின்னது எனக்குத் தெரியல. கயித்தப் பாக்குறேன், முள்ளப் பாக்குறேன். இன்னும் வரல, இன்னும் வரலன்னு நிக்கிறேன். ‘பயந்தா நேரம் நீளமாத்தான் தெரியும், நீ முள்ள நம்பு’ன்னு அவரு சொல்லியிருந்தாரு. நம்புனேன்.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “பெறகு இழுத்தப்ப மூச்சு இல்ல. இன்னையோட பதினாறு நாளாச்சு.”

செட்டியார் பேப்பரைத் தாழ்த்தினார்.  குழந்தைசாமிக்கு லென்சைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

“ரெண்டு நாளா அதே கெணறுண்ணே. கடிகாரம் எங்கிட்டத்தான் இருந்துச்சு. ஈரக் கையோட சாவியத் திருகாதன்னு நீங்க சொன்னீங்கள்ல? கயிறு பூரா ஈரம், எங் கை காயவே இல்ல. ரெண்டு நாளும் நான் சாவியத் தொடவே இல்லண்ணே. அம்புட்டுப் பத்திரமா வச்சிருந்தேன்.”

ஒருதரம் சாவி கொடுத்தால் ஒன்றரை நாளைக்கு மேல் ஓடாத கடிகாரம் அது.

“ஊருல எல்லாரும் நாந்தான் கவனிக்காம நின்னேங்கிறாங்க. எம் பிள்ளைக மொகத்த என்னால ஏறிட்டுப் பாக்க முடியல. நீங்க சொல்லுங்கண்ணே. தண்ணி போயி நின்னுச்சா, இல்ல நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?”

கடிகாரம் அவர் உள்ளங்கையில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று அவருக்குப் பதறியது. சின்ன இடுக்கி போன்ற சாமணத்தை எடுத்தார். ஆடிக்கொண்டிருந்த சின்னச் சக்கரத்தை அதன் நுனியால் மெல்ல அழுத்தி நிறுத்தினார்.

“என்ன குழந்தைசாமி, தண்ணி போகாதுன்னியே?” என்றார் செட்டியார், எழுந்து தோள் துண்டை உதறிக்கொண்டே.

குழந்தைசாமி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்மூடியை இறுக்கி மூடிவிட்டு, மரிய செல்வியை நிமிர்ந்து பார்த்தார்.

“தண்ணிதான் போயிருக்கு தங்கச்சி. தப்பு எம்மேல.”