ஒரு பெட்டித் துண்டுகள்

நூற்றுப் பதினான்காவது கிரேயானின் தோலை உரித்தபோது பஸ் டிரைவரின் நகம் பெயர்ந்தது. வலியில் கத்தக்கூட அவருக்குத் தெம்பில்லை. முந்தின நாள் இரட்டை ஷிப்ட். முதுகு காலையிலேயே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டது.

"அப்பா, தண்ணியில கொஞ்ச நேரம் ஊறப்போட்டா தாள் தானா கழண்டு வந்திருக்கும்," என்றாள், எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகள்.

"இதை நூறு கிரேயானுக்கு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையே."

அவர் மனைவி மழலையர் பள்ளி டீச்சர். மூன்று நாளைக்கு முன், ரொம்ப அசதியாக இருக்கிறது என்று அவள் சொன்ன ஒரு பொல்லாத வேளையில், "சின்னப் பிள்ளைங்களோட கலர் அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுத் தொலைத்தார். அதோடு அவள் வாயை மூடியவள்தான். அவருக்குச் சோறு வந்தது, காபி வந்தது, ஒரு வார்த்தை வரவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து டக், டக், டக் என்று மணிக்கணக்கில் சத்தம் வரும். தன்னை நினைத்துத்தான் நெட்டி முறித்துச் சபிக்கிறாள் என்று பயந்து, டிரைவர் வெளியே நின்று ஒவ்வொரு டக்கையும் எண்ணினார். அறுபதுக்கு மேல் எண்ணத் தைரியம் வரவில்லை.

இன்று அவள் பள்ளிக் கூட்டத்துக்குப் போன பிறகுதான் கட்டிலடியில் அந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே ஒரு லாரி பாரத்துக்கு உடைந்த கிரேயான்கள்.

"பாவம், ஒண்ணுகூட முழுசா இல்ல. இதை வெச்சுக்கிட்டா உங்கம்மா பாடம் நடத்துறா? உருக்கிப் புதுசா ஊத்திக் குடுத்தா கண்டிப்பா பேசிடுவா."

"எல்லாம் ஒரே அளவுல உடைஞ்சிருக்கேப்பா."

"உங்கம்மா கிளாஸாச்சே. உடைக்கிறதுலகூட ஒழுங்கு."

கொதிக்கும் தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து, நிறம் நிறமாக உருக்கினார். நீளமான ரப்பர் ஐஸ் அச்சில் ஊற்றி, ஆறவைத்து, தட்டி எடுத்தார். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸைப் பின்னால் எடுப்பது இதற்கு எவ்வளவோ மேல். நின்றபடியே இரண்டு முறை தூங்கினார். ஒரு முறை கனவே வந்துவிட்டது.

சாயங்காலம் மனைவி உள்ளே நுழைந்தாள். மேசைமேல் பளபளவென்று நீள நீளமாக, பட்டாளம்போல் கிரேயான்கள் அணிவகுத்திருந்தன. டிரைவர் கன்னத்தில் பச்சையும் காதில் ஊதாவுமாக நின்றார்.

"உன் பெட்டியில இருந்த மொத்தமும். ஒரு துண்டு விடல."

அவள் மேசையைப் பார்த்தாள். காலிப் பெட்டியைப் பார்த்தாள். தோள்பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, ஒரு சிவப்பை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

டக்.

டிரைவர் கதவுக்கு வெளியே நின்று எண்ணிய அதே சத்தம்.

"நீளமா குடுத்தா சின்னப் பிள்ளைங்க முஷ்டியால இறுக்கிப் பிடிச்சுக்கும்," என்றாள் அவள், மூன்று நாளில் முதல் முறையாக வாய் திறந்து. "குட்டித் துண்டா இருந்தாத்தான் மூணு விரல்ல பிடிக்கப் பழகும். எழுத வரணுமில்ல?"

"அப்போ அதெல்லாம்... பிள்ளைங்க உடைச்சது இல்லையா?"

அவள் ஒரு நீலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"மூணு நாளா உக்காந்து நான் ஒடிச்சது. உக்காருங்க, இதுவும் ஒரு வேலைதாங்க."