நாக்பூருக்கு ஒரு பிரவுசர்

அந்த வீட்டில் ஆட்சி மாறிவிட்டது என்று, காலைக் காபியின்போது முறைப்படி அறிவிக்கப்பட்டது.

பழைய பிரவுசர் பதவி நீக்கம். புதியது பொறுப்பேற்றது.

அறிவித்தவர் அவர். கேட்டவள் அவர் மனைவி மரகதவல்லி. அந்த வீட்டில் வேறு குடிமக்கள் இல்லை.

"பழசுலயே டிக்கெட் போட்டா வராதாங்க?"

அவர் சிரித்தார். சட்டசபையில் எதிர்க்கட்சியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"வேகத்துக்குத்தானே மாத்தியிருக்கேன்? பாரு வேடிக்கைய."

நாக்பூரில் அவள் தம்பி வீடு கட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். முன்பதிவு தொடங்கியபோதே டிக்கெட் எடுத்திருக்கலாம். ஆனால் விளம்பரம் மொய்க்கிற பிரவுசரிலா? அவர் சிறந்ததைத் தேடி ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஆராய்ச்சி முடிந்தபோது ரயில் நிரம்பியிருந்தது.

மிச்சம் தத்கால். பத்து மணிக்குத் திறக்கும். திறந்த கையோடு தீர்ந்தும்விடும்.

அவள் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள்.

அவர் அமைச்சரவையை அமைத்தார். விளம்பரத்தைத் தடுக்க ஒரு எக்ஸ்டென்ஷன். பாஸ்வேர்டுகளை நினைவில் வைக்க ஒன்று. கண் கூசாமல் திரையைக் கறுப்பாக்க ஒன்று. கேட்காமல் திறக்கிற ஜன்னல்களைச் சாத்த இன்னொன்று. இதற்கு ஐந்து நட்சத்திரம்.

பத்து மணி.

பாஸ்வேர்டு அமைச்சர் தன்னைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு கேட்டார்.

அது பழைய பிரவுசரில் இருந்தது.

பதவி நீக்கப்பட்டவரிடமே போய்க் கேட்டு வாங்கிவந்தார்.

அடுத்து, கட்டத்துக்குள் தெரியும் எழுத்துகளைத் தட்டச் சொன்னது தளம். கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து. மூக்கு திரையில் இடிக்க உற்றுப் பார்த்தார். இரண்டு தடவை தப்பு. மூன்றாவதில் உள்ளே விட்டது.

இருக்கை இருந்தது. இரண்டு.

இரண்டு பெயரையும் போட்டார். பணம் கட்டும் பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார்.

ஓரத்தில் சின்னதாக ஒரு பெருமிதம் எட்டிப் பார்த்தது. 'தேவையற்ற ஜன்னல் தடுக்கப்பட்டது. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்.'

வங்கிக்குப் போகிற ஜன்னல் அது.

"அட சனியனே, அது வேணும்டா!"

அமைச்சர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார். கடைசி ஆள் வெளியேறியபோது இருக்கைகளும் வெளியேறியிருந்தன.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"சர்வர் டவுன், மரகதம். இந்தியா பூராவும்."

அவள் பையில் காய்கறி இல்லை. ரயில்வே கவுன்டர் வரிசையில் நின்று எடுத்துவந்த டிக்கெட் இருந்தது. மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. நாக்பூரில் மச்சினனுக்கு எந்த பிரவுசரைச் சிபாரிசு செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார்.

அதில் ஒரு பெயர்தான் இருந்தது.