பனி கழுவும் நேரம்

காளியாயி அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு மேல் லயத்துப் படிகளில் இறங்கி வந்தபோது, நான் போஞ்சிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வெயில் வருவதற்குள் ஊற்றி முடிக்க வேண்டும். இரவில் விழுந்த பனி, இலைமேல் உப்புத் தூவியதுபோல உறைந்திருக்கும். கழுவாமல் விட்டால், வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் இலை கருகிப்போகும்.

கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், தை பிறந்தால் பாத்தி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வேலை உண்டு. எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. என்னைக் குவளையைக்கூடத் தொட விடுவதில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தது. வயிற்றுக் கட்டியை நேற்றுப் பகல் வெட்டி எடுத்தார்கள். "இன்னும் மயக்கம் தெளியல. கண்ணு முழிச்சதும் சொல்றேன்" என்று சாயங்காலம் அப்பா போனில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் அவருடைய போன் அணைந்தே இருந்தது.

அதனால் அத்தையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

என்னிடம் சொல்ல மனம் வராமல், அப்பா மேல் லயத்தில் யாருக்கோ சொல்லியிருக்கிறார்.

இல்லாவிட்டால் காளியாயி அத்தை எங்கள் பக்கம் வர மாட்டார். அவருடைய கோழிகள் எங்கள் லீக்ஸ் நாற்றைக் கிண்டிப் போட்டன. அம்மா விட்டெறிந்த கல்லில் ஒரு கோழிக்குக் கால் முறிந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பீலியில் ஒருவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் மற்றவர் தண்ணீர் பிடிக்க வருவார்.

அத்தை பாத்தி ஓரத்தில், பனிப் புல்மேலேயே உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். கண்ணை மூடி ஒப்பாரியைத் தொடங்கினார்.

"கோழி கிண்டுன மண்ணுக்கா – நான்
கோவிச்சுக்கிட்டு இருந்தேன் தாயி..."

அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் வந்தார்கள். கொழுந்து பறிக்கப் பெரட்டுக்குப் புறப்பட்டவர்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார்கள்.

எப்போது போனது என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் வராது. நாலு பேர் பார்த்தால் சொந்தப் பெயரே தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பள்ளிக்கூடத்திலிருந்து நான் நின்றதும் அதனால்தான்.

குவளையை வாளிக்குள் முக்கி அடுத்த செடிக்கு ஊற்றினேன். உறைந்திருந்தது கரைந்து, இலை பச்சையாகத் தெரிந்தது. அந்தப் பச்சையைப் பார்க்க எனக்கு எப்போதும் ஆசை. அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பேன்.

இன்றைக்கு அது கண்ணில் நிற்கவில்லை.

"அம்மா போயிருச்சு. அப்பவும் அம்மா சொன்ன வேலைய விடல பாரு இந்தப் புள்ள" என்றார் கிருஷாந்தி அக்கா. எல்லோருக்கும் அழுகை கூடிவிட்டது. எனக்கும்தான்.

பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் யோகேஸ்வரன் அண்ணன் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, தப்பு அடிக்கிறவுங்களுக்கு ஆள் அனுப்பியாச்சு. ஆனா வெள்ளக்கொடிய முன்வாசல்லதானே கட்டணும்? ஏம்மா கொல்லையில கட்டியிருக்க?"

வெள்ளைக்கொடியா?

அவர் காட்டிய பக்கம் திரும்பினேன்.

இரவு போஞ்சியை மூடுவதற்குச் சாக்குகள் போதவில்லை. அப்பா கோயிலுக்குக் கட்டும் வேட்டியை எடுத்து மூடினேன். விடிந்ததும் அதை எடுத்து, சேறு படாமல் இருக்கட்டும் என்று, ஆக உயரமான போஞ்சிக் கம்பில் மாட்டினேன்.

அது பனியில் விறைத்து, சாவு வீட்டுக் கொடிபோலவே நீட்டிக்கொண்டு நின்றது. மேல் லயத்திலிருந்து பார்த்தால் வேறு எதுவும் கண்ணில் படாது.

அவர்களுக்கு யாரும் சேதி சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்கிறேன்.

சுவெட்டர் பைக்குள் போன் அடித்தது. அப்பாவின் நம்பர். விறைத்த விரலால் அழுத்தி அழுத்தி, மூன்றாம் தரம்தான் எடுபட்டது.

"பிரியந்தி... பனி விழுந்திச்சா? போஞ்சி கருகிருச்சா?"

தொண்டை காய்ந்து, எங்கோ தூரத்திலிருந்து கேட்பதுபோல இருந்தாலும், அம்மாவின் குரல்தான்.

"இல்லம்மா. கழுவிட்டேம்மா."

அவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்த மூச்சு, வெள்ளைப் புகையாக என் வாயிலிருந்து போனது.

"அங்க என்னா சத்தம்? எவுங்க வீட்டுல சாவு?"

"காளியாயி அத்த..."

"ஐயையோ! காளியாயியா செத்துட்டா?"

"இல்லம்மா. அவுங்கதான் அழுவுறாங்க." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அடுத்த சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. "ஒனக்கு."



அத்தை எதையும் கவனிக்கவில்லை. மூடிய கண்ணைத் திறக்காமல், புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி அழுதுகொண்டிருந்தார்.

"எம்புள்ளைக்குப் பால் குடுத்தவளே – ஒனக்கு
ஒரு வாய்த் தேத்தண்ணி குடுக்கலையே..."

கிட்டே போய் அவர் தோளைத் தொடக் கையை நீட்டினேன்.

"அவள நிப்பாட்டிறாத" என்றது அம்மா. "போனக் கொஞ்சம் கிட்டக்க கொண்டு போ."