இரண்டு நாள் வேலை

"இப்ப ஆள் எடுக்கிற மாதிரி இல்ல ஆத்தா. வந்ததும் வராததுமா இதைச் சொல்றேன்னு தப்பா நெனைக்காத."

சரக்குக் கிட்டங்கி வாசலில் யுவராணியைப் பார்த்ததும் சுயம்புலிங்கத்தின் வாயில் முதலில் வந்தது அதுதான். போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் அவரிடம் ஒன்பது வருஷம் காய் பொறுக்கியவள் அவள்.

"நான் வந்தது என்னன்னா மொதலாளி…"

"தெரியுது ஆத்தா, தெரியுது. முதல்ல உக்காரு."

யுவராணி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தோளில் இருந்த கனத்த பையைக் காலடியில் வைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறாள் என்று தோன்றியபோது, அவருக்குச் சங்கடமாக இருந்தது.

தரம் பிரிக்கும் மெஷின் வந்து இருபது மாதம் ஆகிறது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பச்சைக் காய் தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று நாள் முழுக்கப் பொறுக்கியதை, கேமரா வைத்த அந்த மெஷின், ஒருவர் காப்பி குடித்து வருவதற்குள் முடித்தது. பன்னிரண்டு பேரையும் நிறுத்தும்படி ஆயிற்று. அதைச் சொல்லவேண்டிய சனிக்கிழமையன்று பெரியகுளத்தில் ஜோலி இருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் காரில் கிளம்பிவிட்டார். பெரியகுளத்தில் ஒரு ஜோலியும் இல்லை.

"அன்னைக்கு நானே இருந்து சொல்லியிருக்கணும்," என்றார்.

"முத்துராமலிங்கம் கணக்குப்பிள்ளை நல்லபடியாத்தான் சொன்னாக மொதலாளி."

"நீ ரொம்ப அழுதேன்னாரே."

"அழத்தான் செஞ்சேன். ரெண்டு மாசம் வாசப்படி தாண்டல. கண்ணை மூடுனா காயாத்தான் தெரியும். இந்தக் கண்ணுக்கும் கைக்கும் வேற என்ன தெரியும்னு நெனைச்சு நெனைச்சுப் படுத்தே கெடந்தேன். அப்புறம் இப்படியே இருந்தா ஆகாதுன்னு வெளியூருக்குப் போயிட்டேன்."

"பனியன் கம்பெனிக்கா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவருடைய போன் அடித்தது.

"சரக்கு வந்துரும் அண்ணாச்சி. நாளன்னைக்கு ஏலத்துக்குத் தவறாம வந்துரும். நான் என்னைக்குப் பேச்சு மாறியிருக்கேன்?" என்று சொல்லிப் போனை வைத்தவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன மொதலாளி, காய் ரெடியாகலையா?"

"அதை ஏன் கேக்குற. மூணு நாளா மெஷின் படுத்தி எடுக்குது. நல்ல காயை எல்லாம் கழிவுல தள்ளுது. கம்பெனிக்குப் போன் போட்டா, ஆளு வருது வருதுங்கிறானுக."

யுவராணி எழுந்து போய்க் கழிவுத் தட்டிலிருந்து ஒரு கை காயை அள்ளினாள். ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளங்கையைப் பரப்பி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, உதட்டை மடித்துக்கொண்டு, ஒன்பது வருஷமும் பார்த்த அதே பார்வை.

"இதுல முக்காவாசி முதல் தரம் மொதலாளி."

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே."

"இந்த வாட்டி காய் எங்கன வாங்குனீக?"

"வண்டன்மேட்டுப் பக்கம். மழை விடாமப் பெஞ்சிருக்கு."

"அதான் வெளிர்ப்பச்சையா இருக்கு, மெஷினு வெளுத்த காயின்னு தள்ளுது. முன்ன நாம வாங்குனது கரும்பச்சைக் காயி."

அவள் 'நாம' என்று சொன்னது சுயம்புலிங்கத்துக்கு என்னவோ செய்தது. இந்தப் பெண்ணிடமா வாசலிலேயே ஆள் எடுக்கவில்லை என்று சொன்னோம் என்றிருந்தது.

"யுவராணி, ஒண்ணு சொல்றேன் கேளு. ரெண்டு நாள் வேலை இருக்கு. கெடக்குற காயை எல்லாம் பொறுக்கிக் குடு. கூட இருந்த அய்யம்மாள், பவானி எல்லாரையும் கூட்டிக்க. கூலி நல்லாவே தாரேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனா, இன்ஜினியர் வந்து மெஷினைச் சரி பண்ணிட்டா அதுக்கப்புறம் உனக்கு இங்கன வேலை இருக்காது. இந்தத் தடவை ஆள் விட்டுச் சொல்ல மாட்டேன். நானே மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். ஓடி ஒளிஞ்சது இத்தன நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு ஆத்தா."

யுவராணி கையில் இருந்த காயைத் தட்டில் மெதுவாகப் போட்டாள்.

"நீங்க இப்படிச் சொன்னதே பெருசு மொதலாளி. ஆனா ரெண்டு நாள் எதுக்கு? சாயங்காலத்துக்குள்ள முடிச்சுரலாம்."

"அம்புட்டுக் காயையுமா? ஒத்த ஆளாவா பொறுக்குவ?"

"நான் இப்பல்லாம் பொறுக்குறது இல்ல மொதலாளி. ஒரு வருஷமா, நல்ல காய் எது, கழிவு எதுன்னு சொல்லிக் குடுக்குற வேலை."

"அப்படியா? யாருக்கு?"

"மெஷினுக்கு," என்று சொல்லிப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள் யுவராணி. "கம்பெனியில இருந்து அனுப்புன ஆளு நான்தான். கூலியெல்லாம் வேண்டாம் மொதலாளி, வாரண்டி இன்னும் நாலு மாசம் இருக்கு."