போட்டோ குழி

அந்தக் குழிக்கு வயது பத்து.

சுற்றுச்சூழல் தினத்துக்கு எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வருகிற சிறப்பு விருந்தினர் எல்லோரும் மரக்கன்று நடுவது அதில்தான். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் குழி இருக்கும், கன்று இருக்காது. புது விருந்தினர் வந்து புதுக் கன்று நடுவார்.

வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்டால் எஸ்டேட் ஆபீசர் தொண்டையைச் செருமுவார். தும்மினால்கூடச் சுற்றறிக்கை விடுகிறவர் என்பதால், மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரே சுற்றறிக்கை. "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது என்னவென்றால்," என்று மூக்கால் ஆரம்பிப்பார். ஹாஸ்டலில் இந்தக் குரலை நான் செய்தால் தனி மவுசு. விஷயம் இவ்வளவுதான்: அங்கே நின்றால்தான் போட்டோவில் பின்னால் பல்கலைக்கழகத்தின் பெயர் முழுசாக விழுமாம்.

கன்றுகள் எங்கே போகின்றன என்பது எனக்குத் தெரியும்.

போன வருஷம் ஹாஸ்டல் மொட்டைமாடியிலிருந்து என் கண்ணாலேயே பார்த்தேன். விழா நடந்த அதே நாள் மாலை ஐந்து மணி. தோட்டக்கார அக்கா கன்றை வேர்மண்ணோடு தோண்டிச் சாக்கில் போட்டு, சைக்கிளில் கட்டி, பின்கேட் வழியாகப் போய்விட்டார். வீட்டுத் தோட்டத்துக்கு ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

எனவே இந்த வருஷம் விழா அன்று காலை, குழி ஓரமாக ஓர் அட்டைப் பலகையை ஊன்றி வைத்தேன்.

'இங்கே துயில்வோர்: பத்து மரக்கன்றுகள். பிறப்பு: காலை பத்து மணி. இறப்பு: அதே நாள் மாலை ஐந்து. ஆழ்ந்த இரங்கல்.'

சுற்றறிக்கை அதைப் பிடுங்குவதற்குள் விருந்தினர் வந்துவிட்டார். பெரிய டாக்டரம்மா. நின்று நிதானமாகப் படித்தார். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆறு வருஷத்துக்கு முந்தி நானும் இங்கே ஒண்ணு நட்டேன். எங்கம்மா தவறின வாரம். அவங்க நினைப்பா நட்டது. அதைப் பார்க்கத்தான் இந்தத் தடவை வர்றேன்னு ஒத்துக்கிட்டேன்."

சிரிப்பு பட்டென்று அடங்கிவிட்டது.

சுற்றறிக்கை அக்கா பக்கம் திரும்பினார். பராமரிப்பு உன் பொறுப்புதானே என்றார். அக்கா மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார். நான் கம்மென்று இருந்திருக்கலாம். எனக்கு வாய் எங்கே சும்மா இருக்கும்? சாக்கு, சைக்கிள், பின்கேட் என்று மூன்றையும் போட்டு உடைத்துவிட்டேன்.

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்மா."

அந்தக் குரலை மட்டும் என்னால் இன்றுவரை செய்துகாட்ட முடியவில்லை.

அக்கா மண்வெட்டியைக் கீழே வைத்தார். டாக்டரிடம் வந்து, "அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் என்கூட நடந்து வர்றீங்களா?" என்றார்.

டாக்டர் நடந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே பின்னால் சுற்றறிக்கை. அவருக்குப் பின்னால் திருட்டு முழியோடு நான்.

பின்கேட்டைத் தாண்டினால் ஒரு தெரு. பஸ்ஸும் டீக்கடையும் முன்கேட் பக்கம் என்பதால் நாங்கள் யாரும் அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை.

தெரு ஓரமாக வரிசையாக ஒன்பது மரங்கள்.

ஒன்றின் நிழலில் பஞ்சர் கடை. இன்னொன்றின் கிளையில் சேலையில் ஊஞ்சல் கட்டிச் சின்னப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசி இரண்டும் இன்னும் என் இடுப்பளவுதான். ஒவ்வொன்றிலும் துணி நாடாவில் ஒரு தகரத் துண்டு. அதில் பெயின்டால் நட்ட வருஷம், நட்டவர் பெயர். துணி அலசிய தண்ணீரைத் தெருக்காரர்கள் வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து ஊற்றுகிறார்களாம்.

டாக்டர் நாலாவது மரத்தின் தகரத்தைப் படித்தார். அடிமரத்தில் கையை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

"பின்னே ஏன் அங்கேருந்து எடுத்தே?" சுற்றறிக்கையின் குரல் பாதியாகியிருந்தது.

"அந்தக் குழிக்கு அடியில ரெண்டே அடியில தண்ணித்தொட்டியோட காங்கிரீட் மூடி சார். வேர் எங்கே போகும்? முதல் வருஷம் நட்டது ஒரே மாசத்துல கருகிடுச்சு." அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி பலகையில அந்த ஒரு சாவு மட்டும் நிஜம்."

எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. பஞ்சர் கடை டியூப் தொட்டிதான் பக்கத்தில் இருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா குழியை மாத்த மாட்டீங்க சார். விழாவைத்தான் நிறுத்துவீங்க. வருஷத்துக்கு ஒரு கன்னு வருதே, அதுக்கும் நானே உலை வைக்கணுமா?"

சுற்றறிக்கை மறுபடி வேர்வையைத் துடைத்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. வெளியூரிலிருந்து துணைவேந்தர். போட்டோ இன்னும் வரவில்லையாம்.

டாக்டர்தான் முதலில் சிரித்தார். "வாங்க, போய் அந்தக் குழியிலேயே நடலாம். நல்லாப் போட்டோ எடுக்கட்டும்."

நட்டார். கை தட்டினோம். பல்கலைக்கழகத்தின் பெயர் முழுசாக விழுந்தது.

மாலை ஐந்து மணிக்கு அக்கா கன்றைப் பதமாகத் தோண்டி எடுத்தார். சைக்கிளைப் பிடித்துக்கொள்வது எனக்குக் கிடைத்த தண்டனை. சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி குனிந்து நின்றவர் எங்கள் எஸ்டேட் ஆபீசர்.

"நாளைக்கு நேரத்துக்கு வேலைக்கு வந்துடும்மா," என்றார் அக்காவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, மூக்கால் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்:

"இதுக்கு மட்டும் சுற்றறிக்கை கிடையாது."